தும்மலுக்கு முந்தைய முகம்

பேருந்துக் கழகத்தின் தொலைந்த பொருள் பிரிவில் குடைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் குடைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகளைத் தூசி தட்டி, நிறவாரியாக அடுக்கி, உரியவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. உரியவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. வருகிறவர்களும் அடுக்கில் இருப்பதிலேயே நல்ல குடையாக ஒன்றைக் காட்டி அதுதான் தங்களுடையது என்பார்கள். குடைக்காரர் அதையும் கொடுத்து அனுப்பிவிடுவார். யாரோடும் சண்டை சச்சரவு கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவர் முகத்தை வெறுக்கப் போகிறார்கள் என்பதற்கான எந்த அறிகுறியும் அந்த முகத்தில் அதுவரை இருந்ததில்லை.

அந்தப் பிரிவின் தலைவியான பெரியக்கா ஓய்வுபெற்ற நாளில்தான் எல்லாம் நடந்தது.

பிரிவுபசார விழாவை அந்த அறையிலேயே வைத்தார்கள். ஒரு பக்கம் தலைக்கவசங்கள் அடுக்கிய அலமாரி. இன்னொரு பக்கம் ஊன்றுகோல்கள். ஊன்றுகோலை மறந்தவர்கள் பேருந்திலிருந்து இறங்கி எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பது அந்தப் பிரிவுக்கு இன்றுவரை விளங்காத விஷயம். பொது மேலாளர் வந்து, பெரியக்காவின் நீண்ட சேவையை மனமுருகப் பாராட்டி, பக்கத்தில் நின்ற வேறொரு அம்மாளிடம் பரிசைக் கொடுத்தார். பிறகு அது சரிசெய்யப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

குடைக்காரரும் கைதட்டத்தான் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மூக்கின் நுனியில் எறும்பு ஊர்வது போல இருந்தது. இடது கண் தானாக மூடிக்கொண்டது. மேலுதடு ஒரு பக்கமாகச் சுருண்டது. மூக்குத் துவாரங்கள் விரிந்தன, தாடை மேலே போனது, தூக்கிய கைகள் பாதியில் நின்றன. கழகத்தின் நற்பெயர்ப் பாதுகாப்பு அதிகாரி தன் செல்பேசியில் படம் எடுத்தது அந்தக் கணத்தில்தான்.

தும்மல் வரவில்லை. வாசல்வரை வந்த விருந்தாளி, வேறு வீடு என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் திரும்பிப் போவதைப் போலப் போய்விட்டது. குடைக்காரர் கண்ணைத் திறந்து, மிச்சமிருந்த கைதட்டலைத் தட்டி முடித்து, கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பெரியக்கா இல்லாமல் நாளைக்கு யாரிடம் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தார்.

நற்பெயர் அதிகாரி அந்தப் படத்தைக் கழகத்தின் முகநூல் பக்கத்தில் போட்டார். ‘நாம் ஒரே குடும்பம்’ என்று மேலே எழுதினார். வழக்கமாக அந்தப் பக்கத்தை அவரும் அவர் மனைவியும்தான் பார்ப்பார்கள். மனைவிகூடச் சமீபகாலமாகப் பார்ப்பதில்லை. இந்தப் படத்தை எப்படியோ ஒரு பெண்மணி பார்த்துவிட்டார். குடைக்காரரின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே எழுதினார்: ‘ஒரு பெண் தன் உழைப்பை முடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். இந்த ஆள் பார்க்கிற பார்வையைப் பாருங்கள்.’

பார்த்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது.

குடைக்காரருக்குச் செல்பேசியில் பேச மட்டும்தான் தெரியும். சாயங்காலம் அவர் மைத்துனன், செல்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன், மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடி வந்தான்.

“மாமா, நீங்க உலகம் பூரா ஓடிட்டிருக்கீங்க!”

“நான் இங்கதானப்பா உக்காந்திருக்கேன்.”

“உங்க மூஞ்சி ஓடுது மாமா. பாருங்க.”

குடைக்காரர் பார்த்தார். முதலில் அது தன் முகம் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு ஆள் உலகத்தையே காலில் போட்டு நசுக்குவதுபோல நின்றுகொண்டிருந்தான். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இது தும்மல்டா.”

“அப்படியா? தும்மினீங்களா?”

“இல்ல. வந்துது, போயிடுச்சு.”

மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். “தும்மியிருக்கலாம் மாமா. யாராவது ஒருத்தர் பாத்திருப்பாங்க. வராத தும்மலுக்கு எவன் வந்து சாட்சி சொல்லுவான்?”

கண்டித்தவர்கள் பல வகை. சிலர் அவரை உடனே வேலையைவிட்டு நீக்கச் சொன்னார்கள். சிலர், நீக்கினால் மட்டும் போதுமா என்று கேட்டார்கள். முகபாவ நிபுணர் என்று ஒருவர் கிளம்பினார். போன வாரம் பாலங்களின் உறுதியைப் பற்றியும் அதற்கு முந்தைய வாரம் குழந்தை வளர்ப்பைப் பற்றியும் நிபுணராக இருந்தவர் அவர். இடது மூக்குத் துவாரம் வலதைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்திருப்பது சிறுவயதிலேயே ஊறிப்போன ஆணவத்தைக் காட்டுவதாக விளக்கினார். அதை லட்சம் பேர் பகிர்ந்தார்கள். பகிர்ந்தவர்களில் பலர் கண்ணாடியில் தங்கள் மூக்கையும் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவர்களைவிட ஆபத்தானவர்கள் ஆதரவாளர்கள். ‘பொய்யாகக் கைதட்டும் கூட்டத்தில் கைதட்ட மறுத்த ஒரே மனிதன்’ என்று ஒரு கல்லூரி மாணவன் எழுதப்போக, குடைக்காரரின் முகத்தை அச்சடித்த பனியன் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதே மாதிரி உதட்டைச் சுருட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். ‘அஞ்சாத மூக்கு’ என்று ஒரு குழுவும் தொடங்கினார்கள். அதன் முதல் கூட்டத்திலேயே தலைவர் பதவிக்காக அடிதடி நடந்து, ஒருவருக்கு மூக்கு உடைந்தது.

மைத்துனன் மாமாவைக் காப்பாற்றக் களம் இறங்கினான். ‘அது வெறும் தும்மல். தயவுசெய்து விட்டுவிடுங்கள்’ என்று எழுதினான். அரை மணி நேரத்தில் தும்மல் ஒவ்வாமையாளர் உரிமைப் பேரவை கண்டன அறிக்கை வெளியிட்டது. நாள்தோறும் தும்மலோடு போராடும் எளிய மக்களின் வேதனையை ஒரு ஆணவக்காரர் கேடயமாகப் பயன்படுத்துவதா என்று கேட்டது. மைத்துனன் பேரவையிடம் மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பில் போதிய ஈரம் இல்லை என்றார்கள். ஈரத்தோடு மறுபடி கேட்டான். நடிக்கிறான் என்றார்கள். மூன்றாவது நாள் அவன் தன் கணக்கையே மூடிவிட்டு, தனக்கு மாமாவே கிடையாது என்று கடையில் சொல்லத் தொடங்கினான்.

குடைக்காரரின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். துணி கொடுக்க வந்த ஒரு பெண், அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றவளைப் பரிதாபமாகப் பார்த்து, “இந்த மூஞ்சியோட எப்படிக்கா குடும்பம் நடத்தறீங்க?” என்று கேட்டாள்.

“கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்” என்று மட்டும் சொன்னாள் மனைவி. ஆனால் அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதிக்கொண்டாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது குடைக்காரர் முதல் வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இப்ப என்ன அர்த்தம் அதுக்கு?”

“எதுக்கு?”

“அந்த மூஞ்சிக்கு.”

“நாக்கைக் கடிச்சுட்டேன்டி.”

“அன்னிக்குத் தும்மல். இன்னிக்கு நாக்கு.” அவள் எழுந்து போய்விட்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “இத்தனை வருஷமா என்னைப் பாக்கும்போதெல்லாம் என்ன அர்த்தத்துல பாத்தீங்களோ!”

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். பெரியக்கா பேசாததுதான் அவரைத் தின்றது. எத்தனையோ வருஷம் எதிரெதிர் மேசை. ஒரே டப்பாவில் சாப்பாடு. போன் அடித்தால் எடுக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகள் பெரியக்காவுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தாள். அதில் பெரியக்கா எழுதியதை அலுவலகத்தில் யாரோ குடைக்காரரிடம் காட்டினார்கள். ‘ரொம்ப வலிக்கிறது. பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.’ அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் அழுதிருந்தார்கள். அன்று அவர் ஒரே குடையை மத்தியானம்வரை துடைத்துக்கொண்டிருந்தார்.

நற்பெயர் அதிகாரி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“உக்காருங்க. நீங்க தும்மத்தான் போனீங்கன்னு எனக்குத் தெரியும். படம் எடுத்ததே நான்தான்.”

குடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப அதை நீங்களே சொல்லிடுங்க சார்.”

“எப்படிச் சொல்றது? உண்மைக்கு இப்ப நேரம் சரியில்ல. மக்கள் கோவமா இருக்காங்க. கோவமா இருக்கறவங்ககிட்ட போய் உண்மையைச் சொன்னா இன்னும் கோவம் வரும். கழகத்தோட பக்கத்தை இதுவரைக்கும் இத்தனை பேர் பாத்ததே இல்ல, தெரியுமா? மேலிடத்துலேருந்து எனக்குப் பாராட்டு வந்திருக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி ஆறுதலாகச் சொன்னார். “விசாரணை வெக்கறோம். நேர்மையா நடக்கும். தீர்ப்பு என்னன்னு மட்டும் இன்னும் மேல முடிவாகல.”

விசாரணை கூட்ட அரங்கில் நடந்தது. ஒளிவு மறைவு இருக்கக் கூடாது என்பதற்காக நேரலையில் காட்டினார்கள். குளிரூட்டப்பட்ட அந்த அறையில் நீள மேசைக்குப் பின்னால் பொது மேலாளர், நற்பெயர் அதிகாரி, வெளியாள் ஒருவர் வேண்டும் என்பதற்காக அழைக்கப்பட்ட முகபாவ நிபுணர் ஆகிய மூவர். எதிரில் முதுகு இல்லாத ஒரு நாற்காலியில் குடைக்காரர்.

பொது மேலாளர் தொடங்கினார். “நான் இன்னும் அந்தப் படத்தைப் பாக்கல. பாத்தா நடுநிலைமை கெட்டுடும். பாக்காமலே கடுமையாக் கண்டிச்சு அறிக்கை விட்டிருக்கேன். இந்தக் கழகத்துல ஒவ்வொரு ஊழியரையும் எனக்குத் தனிப்பட்ட முறையில தெரியும். நீங்க... சக்கரம் மாட்டற பிரிவுதானே?”

“குடைங்க.”

“அதான்.”

நிபுணர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரில் இருந்தவரின் மூக்கை ஊன்றிப் பார்த்தார். “தும்மல்னு சொல்றீங்க. சரி. இப்பத் தும்மிக் காட்டுங்க. ஒப்பிட்டுப் பாத்துடலாம்.”

குடைக்காரர் முயன்றார். கண்ணை மூடினார், மூக்கைச் சுருக்கினார், மேலே விளக்கைப் பார்த்தார். “கேட்டா வராதுங்க.”

“அன்னிக்கும் வரலையே?”

“வரப் பாத்துதுங்க.”

“குறிச்சுக்குங்க” என்றார் நிபுணர், யாருக்கென்று இல்லாமல். “வந்த தும்மல் உடம்போடது. வரப் பாத்த தும்மல் மனசோடது.” நேரலையில் இதற்கு இதயங்கள் பறந்தன.

குடைக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. “ஐயா, கீழ்த்தட்டுல யாரும் கேட்டு வராத பழைய குடைங்க கொஞ்சம் கட்டி வெச்சிருக்கு. அதைப் பிரிச்சா வரலாங்க.”

கொண்டுவரச் சொன்னார்கள். கறுப்புக் குடைகள், ஒரு கட்டு. எந்தக் காலத்து மழையில் தொலைந்தவையோ. குடைக்காரர் தன் வழக்கப்படி முதல் குடையை எடுத்து, பட்டென்று விரித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பியது. இரண்டாவதை விரித்தார். வாழ்நாளெல்லாம் அந்தத் தூசியிலேயே கிடந்தவர் ஆதலால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிரூட்டி அவர் முதுகுப் பக்கத்தில் இருந்தது. அது மேகம் முழுவதையும் அள்ளி மேசைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலில் பொது மேலாளரின் இடது கண் மூடியது. பிறகு நிபுணரின் மேலுதடு சுருண்டது. நற்பெயர் அதிகாரியின் தாடை விட்டத்தை நோக்கிப் போனது. மூன்று ஜோடி மூக்குத் துவாரங்களும் ஒன்றாக விரிந்தன. எதிரில் ஒரு ஏழை ஊழியன் கையில் குடையோடு நின்றுகொண்டிருந்தான். அந்த நிலையில் அவர்கள் மூவரும் வெகுநேரம் இருந்ததுபோலத் தோன்றியது. பிறகு அரங்கமே அதிரத் தும்மினார்கள். பொது மேலாளர் தும்மிய வேகத்தில் ஒலிவாங்கி சாய்ந்தது. நிபுணரின் கண்ணாடி தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தது. நிறுத்த முடியவில்லை. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் தொடங்கினார். “பேஷ்... பேஷ்க்... மூடுய்யா அதை!” என்று பொது மேலாளர் கத்தியதில் முதல் பாதியைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, குடைக்காரர் மூன்றாவதையும் விரித்தார்.

ஆனால் தும்மலை யாரும் பகிரவில்லை. தும்மலுக்கு முந்தைய கணத்தைத்தான் வெட்டி எடுத்தார்கள். மூன்று முகங்களைச் சுற்றியும் மூன்று சிவப்பு வட்டங்கள். ‘எளியவனை மேலிடம் பார்க்கும் பார்வை’ என்று தலைப்பு. பொது மேலாளர் அவசரமாக, அது தும்மல் என்று அறிக்கை விட்டார். ‘இந்தப் பொய்யை ஏற்கெனவே ஒருத்தன் சொல்லியாச்சு’ என்று பதில் வந்தது. தும்மல் ஒவ்வாமையாளர் உரிமைப் பேரவை இரண்டாகப் பிளந்தது. நிபுணரின் மூக்கை ஆராய வேறொரு நிபுணர் வந்துசேர்ந்தார்.

நற்பெயர் அதிகாரி சிவந்த மூக்கோடு குடைக்காரரை மறுபடி கூப்பிட்டார். கண்ணில் நீர் வழிந்தது. “எவ்வளவு பெரிய அநியாயம்னு எனக்கு இப்பத்தான் புரியுது.”

“பரவாயில்லைங்க சார். எனக்கும்...”

“உங்களைச் சொல்லல. பொது மேலாளருக்கு நடந்ததைச் சொல்றேன்.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. தும்மல் என்பது இயற்கையானது. தும்மலுக்கு முந்தைய முகத்தை யாரும் ஏளனமாகக் கருதக் கூடாது. இது பொது மேலாளர் பதவியில் தொடங்கிக் கீழ்நோக்கி எல்லாப் பதவிகளுக்கும் பொருந்தும். கடைசிப் பதவி குடைக்காரருடையது. ஆகவே அவரும் விடுவிக்கப்பட்டார். தும்ம விரும்பும் ஊழியர்கள் அருகில் செல்பேசி இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு தும்மவும் என்ற குறிப்பும் அதில் இருந்தது.

வேலை பிழைத்தது. குடைக்காரர் நேராகப் பெரியக்கா வீட்டுக்குப் போனார்.

கதவு திறந்தது. பெரியக்கா கண்ணுக்கு மை இட்டிருந்தார். முன்னறையில் புதுத் திரைச்சீலை. ஒரு நாற்காலிக்கு எதிரே முக்காலி நிறுத்தி, அதில் செல்பேசியைப் பொருத்தி, சுற்றி வட்டமாக ஒரு விளக்கு வைத்திருந்தார்கள்.

“வா” என்றார் பெரியக்கா.

“அக்கா, அது தும்மல் அக்கா.”

“தெரியும்ப்பா.”

“தெரியுமா?”

“உனக்குத் தும்மல் வந்தா இடது கண்ணு முதல்ல மூடும். இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து பாக்கறேன். அன்னிக்கும் பாத்துட்டுத்தான் கைக்குட்டையை எடுத்து நீட்டப் போனேன். அதுக்குள்ள அந்த மேலாளர் என் பரிசை யாருக்கோ குடுத்த கலவரத்துல மறந்துட்டேன்.”

குடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப ‘ரொம்ப வலிக்குது’ன்னு போட்டீங்களே?”

“முழங்கால்ப்பா.”

“முழங்காலா?”

“ஓய்வு கிடைச்ச மறுநாளே பிடிச்சுக்கிச்சு. பொண்ணு பாக்கட்டும்னு போட்டேன். பாத்தா ஊர்ல இருக்கறவங்கல்லாம் அழறாங்க. ‘அம்மா, நாங்க இருக்கோம்’ங்கறாங்க. ஒருத்தி எனக்காக அழுதே ஒரு வீடியோ போட்டா. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதா. அப்புறம் நேர்லயே வந்து இந்த விளக்கெல்லாம் வெச்சுக் குடுத்தா.” பெரியக்கா கையைப் பிசைந்தார். “அந்த ரூம்ல இத்தனை காலம் உக்காந்திருந்தேன். வந்தவன் எல்லாம் ‘என் பை எங்க, என் குடை எங்க’ன்னுதான் கேட்டான். நீ எப்படி இருக்கேன்னு ஒருத்தன் கேட்டதில்ல. நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் பேர் வந்துட்டே இருந்தாங்க.”

“நான் கேட்டிருக்கேன் அக்கா” என்றார் குடைக்காரர். “தினமும் கேட்டிருக்கேன்.”

பெரியக்கா அவரைப் பார்த்தார். பிறகு விசுக்கென்று எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்து, செல்பேசியைத் தட்டி நேரலையைத் தொடங்கினார்.

“வேண்டாம்க்கா. உங்களைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க!”

“விடட்டும்.” விளக்கு எரிந்தது. “எல்லாருக்கும் வணக்கம். அந்த மனுஷனுக்கு அன்னிக்குத் தும்மல் வந்துது. எனக்கு அப்பவே தெரியும். எனக்கு வலிச்சது முழங்கால். இவன் நல்லவன். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்.”

திரையில் ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு மழைபோலக் கொட்டியது. ‘அவரை மிரட்டிப் பேச வைக்கிறார்கள்.’ ‘பின்னால் தரையில் யாரோ உட்கார்ந்திருக்கிறான்!’ ‘அந்த மூக்கு! அதே மூக்கு!’ ‘அம்மா, ஆபத்தில் இருந்தால் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டுங்கள்.’ வட்ட விளக்கின் வெளிச்சம் கண்ணைக் கூச, பெரியக்கா இரண்டு முறை என்ன, இருபது முறை சிமிட்டினார்.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் ஜீப் வந்து நின்றது. உள்ளே வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

“அம்மா, உங்களை இந்த வீட்டுல அடைச்சு வெச்சிருக்கறதா தகவல்.”

“இது என் வீடு.”

“அது சரிங்கம்மா. நீங்க சொந்த விருப்பத்துலதான் இருக்கீங்களா?”

பெரியக்கா யோசித்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. ‘யோசிக்கிறார்! யோசிக்கிறார்!’ என்று திரை அலறியது.

“முதல்ல இதை நிறுத்துங்கம்மா” என்றார் போலீஸ்காரர்.

“எனக்கு ஆரம்பிக்க மட்டும்தான்ப்பா தெரியும். நிறுத்தறதை அந்த அழுத பொண்ணே வந்து பண்ணிட்டுப் போவா.”

குடைக்காரருக்கும் நிறுத்தத் தெரியாது. போலீஸ்காரர் தட்டிப் பார்த்ததில் திரையில் அவர் தலையில் முயல் காது முளைத்தது. மறுபடி தட்டினார். காது போகவில்லை. முதலில் குடைக்காரர்தான் சிரித்தார். பிறகு பெரியக்கா. முயல் காதோடு விறைப்பாக நின்ற போலீஸ்காரரும் கடைசியில் அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

“சாப்பிட்டீங்களாப்பா ரெண்டு பேரும்?” என்று கேட்டுவிட்டுப் பெரியக்கா அடுப்படிக்குப் போனார்.

மூன்று தட்டு வந்தது. சாப்பிட்டார்கள். போலீஸ்காரர் தன் முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். பெரியக்கா முழங்காலைப் பற்றி விரிவாகச் சொன்னார். புதிய பிரிவுத் தலைவர் ஊன்றுகோல்களைத் தலைக்கவச அலமாரியில் வைக்கச் சொன்னதைக் குடைக்காரர் சொல்ல, பெரியக்கா பதறிப்போனார். இரண்டாவது முறை பரிமாறினார். எல்லாவற்றையும் உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்து, மூன்று பேர் சாப்பிடுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள். லட்சம் ஆயிரமாயிற்று. ஆயிரம் நூறாயிற்று. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தபோது ஒரே ஒருவர்தான் மிச்சமிருந்தார்.

“யாரோ இன்னும் பாத்துட்டிருக்காங்க” என்றார்.

அதே நேரம் குடைக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். மனைவி.

“வெளியில சாப்பிடறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்றதில்லையா? இங்க ஒருத்தி சமைச்சு வெச்சுட்டு உங்க மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்.”